சிக்னலில் நின்றால் சூடேறும் கார்: மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டில் என்ன பார்க்கலாம்?

கேள்வி: சத்துவாச்சாரியில் இருக்கிறேன். 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஆம்பூர் வரை போய் வந்தால் ஒன்றும் ஆவதில்லை. ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் மாற்று என்கிறார், இன்னொருவர் ஹெட் வேலை என்கிறார். இது போதாதென்று சில திங்கட்கிழமைகளில் செல்ஃபும் எடுப்பதில்லை. வீட்டிலேயே நானே எதையெல்லாம் சோதிக்கலாம்?

பதில்:

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. "நின்றால் ஏறுகிறது, ஓடினால் இல்லை" என்பது ஒன்று. "திங்கட்கிழமை" என்பது இன்னொன்று. காரில் எந்தச் சாமான் கெட்டது என்று தேடுவதற்கு முன்னால், கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் சாமானை மாற்ற ஆரம்பித்தால், கோளாறு போகிற வரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அத்தனைக்கும் காசு உங்களுடையது.

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளிகொண்டா டோல் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து போகிறது. அப்போது ஃபேன் சுற்றாவிட்டாலும் காரியம் நடந்துவிடும். நெரிசலில் நின்றால் காற்றுக்கு ஃபேன் ஒன்றுதான் வழி. ஹைவேயில், எஞ்சின் அதிகமாக உழைக்கிற நேரத்தில் முள் அசையாமல் இருக்கிறது என்றால் தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டர் ஓரளவாவது வேலை செய்கிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு) பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். ஆகவே உங்கள் காரில் சந்தேகப்பட வேண்டிய வரிசை இது: ஃபேன், ரேடியேட்டரின் முன்பக்கத் தூசி, கூலன்ட்டும் ரேடியேட்டர் மூடியும், அதற்கப்புறம்தான் மற்றவை. ஹெட்டைக் கழற்றுவது இந்த வரிசையின் கடைசியில் வருகிறது.

நிலைமை தலைகீழாக இருந்தால், அதாவது ஊருக்குள் சரியாக இருந்து, பொன்னேரியிலிருந்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முள் ஏறினால், நான் வேறு பதில் எழுதியிருப்பேன். அது ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) முழுதாகத் திறக்காதது, கூலன்ட் குறைவு என்று போகும்.

ஃபேனை இப்படிப் பாருங்கள். வண்டியை வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. சூடான எஞ்சினில் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும், அதனால் பிளேடு பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஏசிக்குச் சுற்றவில்லையா? ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃப்யூஸ், எந்த ரிலே (கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஃபேனுக்கு உரியது என்று படம் இருக்கும். ஃப்யூஸை உருவி மல்டிமீட்டரில் கரண்ட் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள், கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அடுத்தது ரிலே. அதே எண் போட்ட ரிலே இன்னொன்று, ஹார்னுக்கோ ஹெட்லைட்டுக்கோ, பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றி ஹார்ன் ஊமையானால் குற்றவாளி சிக்கிவிட்டது. செலவில்லாத சோதனை இது, ஆனால் கடைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு.

ரிலேயும் சரி என்றால் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு தடித்த வயர். பாசிட்டிவ் வயரில் ஒரு ஃப்யூஸ் கட்டாயம் இருக்கட்டும். எந்த முனை பாசிட்டிவ் என்பதை வயரின் நிறத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் நன்றாகச் சுற்றினால் பழுது அதற்கு முன்னால், வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுற்றவே இல்லை அல்லது மெதுவாக முனகிச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொரு வகையும் உண்டு. ஃபேன் சுற்றும், ஆனால் தலைகீழாக. எப்போதோ யாரோ மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். காற்று பின்னாலிருந்து முன்னால் போகும். கிரில்லுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். உள்நோக்கி இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் திசை தப்பு.

ஏசிக்கு ஃபேன் சுற்றுகிறது, ஆனால் வெறும் சூட்டுக்குச் சுற்றுவதில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஏசி போடாமல் எஞ்சினை ஓட விட்டால் ஏறக்குறைய 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் தானாக வர வேண்டும். அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன். சில கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசி கண்டென்சருக்கு ஒன்று என இரண்டு ஃபேன் இருக்கும். அப்படியானால் ஏசிக்குச் சுற்றுவது வேறு ஃபேனாக இருக்கலாம், கவனமாகப் பாருங்கள்.

ஃபேன் எல்லா விதத்திலும் சரி என்றால் தூசி. முன்னால் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் பூச்சி, பஞ்சு, லாரிப் புகையின் கரி எல்லாம் சேர்ந்து மெத்தையாகப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு, தோட்டத்துக் குழாயால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனால் மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். கூலன்ட் குறைந்தால் எதை ஊற்றுகிறீர்கள்? போர்வெல் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். பாலாற்றுப் படுகையை ஒட்டிய நம் போர்வெல்களில் பெரும்பாலானவை உப்புத் தண்ணீர். பாத்ரூம் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகக் காறை பிடிக்கிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் நடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே உப்பின் அளவு இன்னும் மோசம். குளோரைடு உப்பு அலுமினியத்தை அரிக்கும். ரேடியேட்டர் அலுமினியம், சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, இல்லாவிட்டால் ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட். எந்த வகை என்பதை உங்கள் காரின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வெளிநாட்டில் பனியில் தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் கூலன்ட், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது துரு பிடிக்காமலும் எளிதில் கொதிக்காமலும் இருக்க. வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.

கூலன்ட் அளவை ரிசர்வ் டேங்கில் மட்டும் பார்த்தால் போதாது. டேங்க் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம், ஏனென்றால் மூடியின் வால்வு கெட்டால் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்ப உள்ளே போகாது. காலையில், எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு அச்சிட்டிருக்கும், அதே எண்ணில் வாங்க வேண்டும். அந்த அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாக்குப்பிடிக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், உள்ளிருக்கும் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். முன்புறம் மூடியே இல்லாத கார்களில் டேங்கே அழுத்தத்தில் இருக்கும், அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் வீட்டிலேயே ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழி வந்து நிற்பது சகஜம். நிற்காமல் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று கூலன்ட்டுக்குள் போகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது எல்லாம் அதே திசையைக் காட்டும். ஆயில் மூடியின் அடியில் பால் போல் கொஞ்சம் இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் கார்களில் ஈரம் அப்படிப் படியும். ஆயில் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் விஷயம். எப்படியானாலும் ஹெட்டைக் கழற்றும் முன் பிரஷர் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. "வால்வைக் கழற்றிப் போட்டுட்டா ஹீட்டே ஆகாது சார்" என்பது நம் பக்கத்து வைத்தியம். முள் இறங்கும், உண்மைதான். ஆனால் எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். புது வால்வில் மிச்சம் பிடித்த காசைப் பெட்ரோலில் இழந்துவிடுவீர்கள். வால்வு திறக்காமல் சிக்கியிருந்தால் எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஆறியே இருக்கும். வாட்டர் பாடி (கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் பம்ப்) கசிந்தால் பெல்ட் பக்கம் காய்ந்த கூலன்ட் தடம் தெரியும்.

இதற்கிடையில் நடுத்தெருவில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து ப்ளோயரைக் கூட்டுங்கள். மே மாதத்தில் அது கொடுமைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர், எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அப்படியும் ஏறினால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வளைந்துவிடும். அப்புறம் அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

இனி திங்கட்கிழமை. வாரம் முழுக்க ஓடுகிற வண்டி சனி, ஞாயிறு நின்றுவிட்டு எடுக்கவில்லை என்றால், நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது, அல்லது பேட்டரி கிழடாகிவிட்டது. செல்ஃப் மோட்டாரின் மேல் பழி போட வேண்டாம், அதற்குக் கிழமை தெரியாது. சாவி திருப்பினால் என்ன சத்தம் என்று நீங்கள் எழுதவில்லை. படபடவென்று வேகமாகத் தட்டினால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டக்", லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃப் அல்லது சொலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லை, பெட்ரோல் அல்லது ஸ்பார்க்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஞாயிறு இரவே பானெட்டைத் திறந்து வைத்து, காலையில் கதவைத் திறக்கும் முன் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. அடுத்து வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ (ஆல்டர்னேட்டர்) சார்ஜ் செய்கிறது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு அது 13-க்குக் கீழே இறங்கினால் டைனமோவையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். முழு சார்ஜ் இருந்தும் செல்ஃப் எடுக்கும்போது வோல்ட் சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. குளிர் நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடினாலே அது நல்ல பேட்டரி.

பேட்டரி நல்லது, சார்ஜும் ஆகிறது என்றால் திருட்டுக் கரண்ட்டைத் தேட வேண்டும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். எல்லாக் கதவும் பூட்டிய நிலையில் அரை மணி நேரம் விடுங்கள், காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் வேண்டும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 இருந்தால்? 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் சனி காலை முதல் திங்கள் காலை வரை 48 மணி நேரத்தில் 14 ஆம்பியர் ஹவருக்கு மேல் போய்விடும். புது பேட்டரி தாங்கும், பழையது தாங்காது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை உருவும்போது எண் சரிகிறதோ அந்த வரிசையில்தான் ஆள் இருக்கிறான். கம்பெனி வயரிங்கைவிட வெளியே மாட்டிய சாமான்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்: மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா. மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். டெர்மினல் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இரண்டு கோளாறுக்கும் பொதுவாக ஒன்று மட்டும் இருக்க வாய்ப்புண்டு. பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயர். அது துருப்பிடித்தால் செல்ஃபும் திணறும், ஃபேனும் சோம்பும். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்துக்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். அதே நேரம் வயர்களில் எலிப்பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயல் ஓரம் குடியிருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மீட்டருக்கு அடுத்து வாங்க வேண்டியது ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுகளைப் படிக்கும் கருவி. 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 கட்டாயம், உங்கள் வண்டியும் பெரும்பாலும் அதற்குள் வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகப் போனில் பார்க்கலாம். முன்பு சொன்ன டெம்பரேச்சர் எண் இதில் நேரடியாகத் தெரியும். முள்ளைவிட இது நம்பகமானது, ஏனென்றால் முள் ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். கோளாறுக் குறியீடு வந்தால் முதலில் எழுதி வையுங்கள், உடனே அழிக்காதீர்கள். கோளாறு வந்த நேரத்தின் சூடு, வேகம் எல்லாம் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். குறியீடு எந்தச் சாமானை வாங்கச் சொல்கிறது என்று பார்க்கவும் கூடாது. P0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றுதான் அர்த்தம், காயில் மாற்று என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் காரில், முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள். குறியீடு P0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று தேடுங்கள். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வந்து சேரலாம். விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

எதில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஜாக் மட்டும் கொடுத்துத் தூக்கிய காருக்குக் கீழே படுக்காதீர்கள்; ஜாக் ஸ்டாண்டு இல்லை என்றால் அந்த வேலையே வேண்டாம். பிரேக் பேட் தேய்மானத்தை டார்ச் அடித்துப் பார்க்கலாம், 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும், ஆனால் மாற்றுவது தெரிந்தவர் கையில் நடக்கட்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர், டீசல் காரின் ஹை பிரஷர் லைன், ஏசி கேஸ், இந்த மூன்றும் வீட்டு வேலை இல்லை.

சோதனை முடிந்து மெக்கானிக்கிடம் போகும்போது "ரேடியேட்டர் பாருங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். "நின்னா ஏறுதுண்ணே, ஹைவேல இறங்கிடுது, ஏசிக்கு ஃபேன் வரலை, டைரக்ட்டா கொடுத்தா சுத்துது, ரிலே மாத்திப் பார்த்துட்டேன்" என்று சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் நேராக வயரிங்குக்குப் போய்விடுவார். அதையும் கேட்டுவிட்டு ஹெட் வேலைக்கு எஸ்டிமேட் எழுத ஆரம்பித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடை பாருங்கள். எந்தச் சாமான் மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.